கூப்பிட்ட குரலுக்கு வந்த முதலை

பெயரில் தோணியும் உண்டு, துறையும் உண்டு, ஆற்றில்தான் தண்ணீர் இல்லை என்று சொல்லத்தக்க எங்கள் தோணித்துறையில், ஒரு டிசம்பர் பதினைந்தாம் தேதி காலை, எஸ்பெராண்டோ நண்பர் வட்டத்தின் ஆண்டு விழாவில் வடைத் தட்டு முதல் சுற்று வந்துகொண்டிருந்தபோது, பாலாற்று மணலிலிருந்து புறப்பட்டு, தோல் கிடங்குத் தெரு வழியாக நடந்து, மூடிக் கிடந்த ரயில்வே கேட்டில் சைக்கிள்காரர்களோடு சேர்ந்து காத்து நின்று, கேட் திறந்ததும் முறையாகக் கடந்து, சைக்கிள் கடை மாடிக்குப் போகும் குறுகலான படிகளில் மூச்சு வாங்க ஏறி, ஒரு முதலை எங்கள் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

வாசலில் நின்று, வாலைப் படியிலேயே விட்டுவிட்டு, சுத்தமான எஸ்பெராண்டோவில், "கூப்பிட்டீர்களா?" என்று கேட்டது.

எஸ்பெராண்டோ என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்தவன் நான். இருந்தாலும் சொல்கிறேன். போலந்து நாட்டுப் பக்கம் ஒரு கண் மருத்துவர் இருந்தார். அவர் பிறந்த ஊரில் நான்கு சாதி மக்கள் நான்கு மொழி பேசி, ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமல், புரிந்தால் அதற்காகவும், ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். இதைப் பார்த்து வளர்ந்த ஸாமன்ஹோஃப் என்ற அந்த மனிதர் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியைத் தாமே செய்து உலகத்துக்குக் கொடுத்தார். அவர் பிறந்த நாள் டிசம்பர் பதினைந்து. அந்த மொழி பேசுகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அன்று கூடுவார்கள், பச்சைக் கொடி ஏற்றுவார்கள், பச்சை நட்சத்திரம் குத்திக்கொள்வார்கள், புத்தகம் வாங்குவார்கள், அவரவர் ஊர்ப் பலகாரம் சாப்பிடுவார்கள். நாங்கள் வடை சாப்பிட்டோம்.

எங்கள் ஊருக்கும் இந்த மருந்து தேவைப்பட்டது. தோல் கிடங்குத் தெருவில் உருது, துணிக்கடைத் தெருவில் தெலுங்கு, மற்ற இடத்தில் தமிழ். குழாயடியில் மூன்றும். திட்டுவதற்கு மட்டும் எல்லாரும் எல்லா மொழியும் கற்றிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்தது ஐந்து வகுப்பு. மீதியைத் துண்டுப் பிரசுரங்கள் கொடுத்தன. எஸ்பெராண்டோவையும் ஒரு பிரசுரத்தில்தான் படித்தேன். பீடித் தொழிலாளர் சங்கத்தில் நான் சேர்ந்த நாளில் என்னோடு பசை வாளி தூக்கிய பரந்தாமன், கட்சி உடைந்தபோதெல்லாம் பெரிய துண்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் நின்று, தலைவராகி, அமைச்சராகி, சுவரில் ஒட்டும் ஆளாக இருந்தவர் சுவரில் ஒட்டப்படும் ஆளாக ஆகிவிட்டார். நான் ஒட்டும் ஆளாகவே இருந்தேன். நான் நடத்திய போராட்டங்களில் ஒன்றுகூட ஜெயித்ததில்லை. அதனால் அவற்றின் நியாயம் குறைந்துவிடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வட்டத்தில் நிலையாக இருந்தவர்கள் மூன்று பேர். நான். செருப்புக்கு மேல்தோல் வெட்டும் வாஜித் பாய். செயலாளர் வாரிஜா டீச்சர். டீச்சர் மங்களூர்ப் பக்கத்துக்காரர், வீட்டு மொழி துளு. ரயில்வே கார்டைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர், அவர் இறந்த பிறகும் இங்கேயே பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். எஸ்பெராண்டோவை ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான். வாஜித் பாய்க்குச் சாப்பாட்டுச் சொற்கள் தெரியும். எனக்கு முழக்கங்கள் தெரியும். இந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன பேசிவிட முடியும்? அந்த மொழியில் யாரோடாவது ஒரு முறை, பாதியில் அறுந்துபோகாமல், மழையைப் பற்றியாவது பேசிவிட்டுச் சாக வேண்டும் என்பார்.

விழா நாளில் ஒரு விதி உண்டு. கொடி ஏறியதிலிருந்து கடைசி வடை தீரும் வரை யாரும் தாய்மொழி பேசக்கூடாது. பேசினால் அதற்கு எஸ்பெராண்டோக்காரர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் பெயர் 'முதலைத்தல்'. எஸ்பெராண்டோக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு தாய்மொழி பேசுகிறவன் முதலைக்கிறான். ஏன் முதலை, ஏன் ஆமை இல்லை என்று கேட்டதற்கு டீச்சர் சொன்ன விளக்கம்: "வாய் பெரிசு, மூளை சிறிசு." முதலைத்தவர் கழுத்தில் மாட்டுவதற்கென்று பச்சை வர்ணம் அடித்த அட்டை முதலை ஒன்றைச் சணல் கயிற்றில் கோத்து வைத்திருந்தார். இங்கிலீஷ் பள்ளியில் தமிழ் பேசிய பிள்ளைக்கு மாட்டுவார்களே, அந்த மாதிரி. அட்டை எல்லா வருஷமும் வாஜித் பாய் கழுத்துக்குத்தான் போகும். டீச்சர் கழுத்துக்கு ஒரு வருஷமும் போனதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நாங்கள் மெச்சிப் பேசுவோம்.

அன்றும் அப்படித்தான். வடை சுட்டுவிட்டது. வாஜித் பாய், "யா அல்லா, நாக்கு போச்சு!" என்று ஒரே மூச்சில் இரண்டு மொழியில் அலற, டீச்சர் அட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "நே குரோக்கொடீலு!" என்று கத்தினார். முதலைக்காதே என்று அர்த்தம். அந்தக் குரல் அடங்குவதற்குள் வாசலில் முதலை நின்றது.

"கூப்பிட்டீர்களா?"

டீச்சர் அட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "கூப்பிட்டோம். வாங்க, உட்காருங்க" என்றார் அதே மொழியில்.

முதலை மூன்றாவது பெஞ்சுக்கும் நான்காவது பெஞ்சுக்கும் நடுவில் படுத்தது. வருஷா வருஷம் இதே நாளில் தன் பெயரைச் சொல்லி யாரோ அன்பாகக் கூப்பிடுவது மணலுக்கு அடியில் கேட்கும் என்றும், வர வேண்டும் வர வேண்டும் என்று நினைப்பதுதான் என்றும், முட்டி வலி விடாமல் இத்தனை காலம் போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னது. பிறகு ஒரு வடையை வாயில் போட்டு, உப்புக் கொஞ்சம் மட்டு என்றது.

டீச்சர் கண் கலங்கிவிட்டது. காரணம் உப்பு இல்லை. அந்த மொழியில் செயலை வாங்கிக்கொள்ளும் பெயருக்கு வாலில் ஒரு 'ன்' போட வேண்டும். வாஜித் பாய் அதை எதற்கும் போடமாட்டார். நான் பாதுகாப்புக்காக எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவேன். முதலை வடைக்குப் போட்டது, உப்புக்குப் போடவில்லை.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் கீழே சைக்கிள் கடைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"அந்த வார்த்தை இனிமே உங்க வாயில வரக்கூடாது."

"எந்த வார்த்தை டீச்சர்?" என்றார் வாஜித் பாய்.

"அதுதான். அந்த 'நே'. திட்டுனதை அழைப்புன்னு நெனச்சு முட்டி வலியோட வந்திருக்கு, பாய். தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடும்."

"அதுக்கு மனசு எங்க டீச்சர் இருக்கும்? அவ்வளவும் வாய்."

"பாய்!"

"சரி, சரி. என் உம்மா மேல ஆணை. சொல்லமாட்டேன்."

முதலை திரும்பிப் போகவில்லை. போவதற்கு ஆறு இல்லையே. நகராட்சிப் பூங்காவில், திறப்பு விழா அன்று மட்டும் தண்ணீர் பீய்ச்சிய நீரூற்றுத் தொட்டி ஒன்று இருந்தது. தண்ணீர் லாரிக்காரர் மிச்சத்தை அதில் விட்டார். முதலை அங்கே குடியேறியது. தோல் கழிவால் வந்தது என்று இரண்டு நாள் பேசிக்கொண்டார்கள். ஊரில் எது நடந்தாலும் தோல் கழிவால் என்று சொல்வது வழக்கம். டீச்சர் அதை மரியாதையாக 'ஸின்யோரோ' என்று கூப்பிட்டார். அந்த மொழியில் ஐயா என்று பொருள். குழாயடிக்கு அது சிங்காரமாகப் போய்ச் சேர்ந்தது. பொங்கலுக்குள் அது ஊர் முழுக்கச் சிங்காரம்.

சிங்காரத்தோடு பேச வேண்டுமென்றால் எஸ்பெராண்டோ தெரிந்திருக்க வேண்டும். அது வேறு எதுவும் பேசாது. ஆகவே ஊர் எஸ்பெராண்டோ படித்தது. இதை நான் கசப்போடுதான் எழுதுகிறேன். தெருமுனைக் கூட்டம் போட்டேன், சுவரில் எழுதினேன், பேருந்து நிலையத்தில் பிரசுரத்தை நீட்டினேன். அதில் கடலை மடித்துத் தின்றார்கள். மனித குலம் முழுவதும் ஒரு குடும்பம் என்று சொல்லி வராதவர்கள், கோழித்தோல் போட்டால் ஒரு முதலை 'நன்றி' சொல்லும் என்றதும் வந்தார்கள். கோழிக்கடைக்காரர் முதல் வாரத்திலேயே தோலுக்கும் ஈரலுக்கும் சொல் கற்றுக்கொண்டார். ஆட்டோக்காரர்கள் சவாரி இல்லாத நேரத்தில் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து வினைச்சொல் படித்தார்கள். குழாயடி வரிசைக்குத் தலைவியான பவுனம்மா, எங்கள் பிரசுரத்தை ஒரு நாளும் கையில் வாங்காதவர், ஒரு நாள் என்னை நிறுத்தி, "தோழரே, நீ பேசறப்போ எல்லாத்துக்கும் ன் போடுறியாமே? சிங்காரம் சொல்லிச் சிரிக்குது" என்றார்.

குழாயடிச் சண்டை நின்றதும் அதனால்தான். சிங்காரம் காலையில் நடை போய் வரும்போது குழாயடியில் நீட்டி நிமிர்ந்து படுக்கும். அதன் பக்கவாட்டில் குடங்கள் நேராக நின்றுவிடும். யார் முன்னால், யார் பின்னால் என்று கேட்டால் மூக்கிலிருந்து எண்ணிச் சொல்லும். துணிக்கடைத் தெருவும் தோல் கிடங்குத் தெருவும் அதன் தீர்ப்பை ஏற்றன. ஏனென்றால் அது எந்தத் தெருவும் இல்லை. அதோடு, தீர்ப்பை மறுக்க வேண்டுமானால் எஸ்பெராண்டோவில் மறுக்க வேண்டும். அந்த இலக்கணத்தை யோசித்து முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். போலந்து மருத்துவர் எதிர்பார்த்தது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

நஷ்டப்பட்டவன் நான். செருப்புத் தொழிற்சாலை வாசலில் நான் பேசும் கூட்டங்களுக்குச் சிங்காரம் தவறாமல் வந்து முன்வரிசையில் படுக்கும். தமிழ் அதற்குப் புரிகிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது இருக்கும் இடத்தில் எப்படிப் 'பண முதலைகளே' என்று சவால் விடுவது? என் பேச்சின் முதுகெலும்பே அந்தச் சொல்தான். முதல் கூட்டத்தில், "இந்தப் பண..." என்று கையை உயர்த்திவிட்டு, இரண்டு மஞ்சள் கண்களைப் பார்த்து, "...பண உடும்புகளே!" என்று முடித்தேன். தொழிலாளர்கள் சிரித்தார்கள். 'முதலைக் கண்ணீர் வடிக்கிறார்கள்' என்பதை 'வெங்காயக் கண்ணீர்' என்று மாற்ற வேண்டி வந்தது. முதலாளி காரிலிருந்து இறங்கி, "உடும்புன்னா யாரு, என்னைத்தானே?" என்று சந்தேகம் கேட்டுவிட்டுப் போனார். என் பேச்சைக் கேட்டு அவர் காரை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை.

ஆனால் சாயங்காலங்கள் டீச்சருடையவை. வெயில் தாழ்ந்ததும் குடையும் முறுக்குப் பொட்டலமுமாக வந்து தொட்டி விளிம்பில் உட்காருவார். இரண்டு பேரும் பேசுவார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். மணலுக்கு அடியில் ஆறு எப்படித் தூங்குகிறது என்று அது சொன்னது. கார்டு வேலையில் இருந்த புருஷன் பச்சைக் கொடியைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கியதை இவர் சொன்னார். ஒரு சொல்லுக்காகத் திணறினால் அது எடுத்துக் கொடுக்கும். நான் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன்; டீச்சர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. ஒரே ஒரு தடவை முறுக்குக் கையில் நிற்க, "நீங்க உங்க மொழியில பேசி நான் கேட்டதே இல்லையே" என்று கேட்டார். அது முறுக்கை வாங்கி மென்றுவிட்டு, "இன்றைக்கு முறுக்கு நன்றாக இருக்கிறது" என்றது. முறுக்குக்கு வால் போடத் தேவையில்லாத இடம், போடவும் இல்லை.

பத்திரிகையில் படம் வந்துவிட்டது. படம் வந்தால் துறை வரும். மறு வருஷ விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் வனத்துறையிலிருந்து உத்தரவு வந்தது. முதலை காட்டு உயிர், ஊருக்குள் இருக்கக்கூடாது, மதராசுக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள முதலைப் பண்ணைக்குக் கொண்டுபோகப்படும், தேதி டிசம்பர் பதினைந்து. தேதி தற்செயல்தான். அதிகாரிகளுக்கு நம் பண்டிகை எது தெரிந்திருக்கிறது?

டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. உட்காரவில்லை.

"தோழர், நீங்க நடத்துன போராட்டம் எதுவும் ஜெயிச்சதில்லைன்னு சொல்வாங்க."

"கோரிக்கைகள் நியாயமானவை" என்றேன்.

"நியாயம் எனக்கு வேண்டாம். இது ஜெயிக்கணும். அது போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?"

அன்று இரவே நான் பசை காய்ச்சினேன்.

அப்படி ஒரு கூட்டத்தை என் வாழ்நாளில் நான் கூட்டியதில்லை. பரந்தாமனும் பிரியாணி போடாமல் கூட்டியதில்லை. மூன்று தெருவும் வந்தது. கடைகள் அடைத்தன. பவுனம்மா தலைமையில் காலிக் குடங்கள் வந்தன. துணிக்கடைக்காரர்கள் பச்சைத் துணி கிழித்துக் கொடுத்தார்கள். பூங்கா வாசலை அடைத்துக்கொண்டு ஊரே நின்று, வால் எழுத்து ஒன்றும் தவறாமல், எஸ்பெராண்டோவில் முழங்கியது. சிங்காரம் தொட்டியில் மூக்கை மட்டும் வெளியே நீட்டி, ஒவ்வொரு முழக்கத்துக்கும் இலக்கணம் சரிதான் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தது.

கூண்டு ஏற்றிய லாரியில் வந்த ரேஞ்சர் சதானந்த பூஜாரி வயதான மனிதர், நல்ல மனிதர், அதனால் ரொம்பப் பயந்துவிட்டார். அரசாங்கத்தோடு தமிழில் பேச மட்டும் அன்று விதியில் விலக்கு உண்டு.

"உத்தரவு உண்டு, சார். நான் என்ன செய்வது? முதலையைக் கொடுங்கள், போய்விடுகிறேன்."

"எந்த முதலை? சிங்காரம் எங்கள் வட்டத்தின் உறுப்பினர். சந்தா கட்டியிருக்கிறது" என்றேன்.

"சார், அது நாலு காலில் நடக்கிறது."

"உங்க மினிஸ்டர் எதுல நடக்கிறாராம்?" என்றார் பவுனம்மா. கூட்டம் கை தட்டியது.

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக் கழுத்து வேர்வையைத் துடைத்தார். யாருக்கும் இல்லாமல் தனக்குத்தானே, "அய்யோ தேவெரே, தாதா மல்புனி!" என்று முனகினார்.

முன்வரிசையில் பச்சைக் கொடி பிடித்து நின்ற வாரிஜா டீச்சரின் கை தாழ்ந்தது. முழக்கம் அவர் வாயில் பாதியில் நின்றது. கூட்டத்தை விட்டு இரண்டு அடி முன்னால் போய், நாங்கள் கேட்டிராத ஒரு குரலில், சின்னப் பெண்ணின் குரலில், "எஞ்ச உல்லர்?" என்றார். அவர் முனகியது 'கடவுளே, என்ன செய்ய' என்றாம், இவர் கேட்டது 'சுகமா' என்றாம்; இரண்டும் துளு, பிறகு தெரிந்துகொண்டோம்.

ரேஞ்சரின் தொப்பி கீழே விழுந்தது.

பிறகு டீச்சர் பேசினார். அதை எப்படிச் சொல்வேன்? வருஷக் கணக்கில் மூடிக் கிடந்த குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகு துருத் தண்ணீர் வரும், பிறகு சும்மா கொட்டும், அப்படிக் கொட்டியது. இடையில் சிரித்தார், ரேஞ்சரின் கையில் செல்லமாக ஒரு அடி வைத்தார், மூக்கைச் சிந்தினார், மறுபடி பேசினார். ரேஞ்சரும் பேசினார். மீன் என்று ஒரு சொல் எங்களுக்குப் புரிந்தது. கொடி ஏறிவிட்டது, விழா நடக்கிறது, வடை தீரவில்லை. விதியை எழுதிய செயலாளர் ஊர் நடுவில் நின்று துளு பேசிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வருஷமும் அட்டை மாட்டிக்கொள்ளாமல் இருந்தது கட்டுப்பாட்டால் இல்லை, பேச எதிரில் ஆள் இல்லாததால் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாஜித் பாய்க்கு வேறு விதமாக உறைத்தது. எத்தனை வருஷக் கழுத்து அவருடையது! ஓடினார், மாடி ஏறினார், ஒளித்து வைத்திருந்த அட்டையோடு இறங்கி வந்தார், டீச்சர் கழுத்தில் போட்டார், ஆனந்தத்தில் எல்லாவற்றையும் மறந்து, உம்மா மேல் வைத்த ஆணையையும் மறந்து, ஊர் அதிரக் கத்தினார்:

"நே குரோக்கொடீலு!"

தொட்டியில் தண்ணீர் அசைந்தது. சிங்காரம் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து எழும்பி, "கூப்பிட்டீர்களா?" என்று கேட்டது.

டீச்சர் இதைக் கேட்கும் நிலையில் இல்லை. அவர் துளு பேசிப் பேசித் தன் ஊர் மழைக்காலத்துக்கே போயிருந்தார். வாஜித் பாய் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உண்மையைத் தெருவில் நின்று சொல்வதுதான் என் தொழில். சொன்னேன். எல்லாச் சொல்லுக்கும் ன் போட்டுத்தான் சொன்னேன். அது அழைப்பு இல்லை, அதட்டல். நம் கூட்டத்தில் தாய்மொழி பேசுகிறவரை உன் பெயரால் திட்டுவது வழக்கம். உன்னை ஒரு வருஷமும் யாரும் கூப்பிடவில்லை.

ஊரே அதன் கண்ணைப் பார்த்தது. நானும் பார்த்தேன்; அந்தக் கண்ணீரைப் பற்றி எத்தனை மேடையில் பேசியவன்! ஒரு சொட்டும் வரவில்லை. அழுதது வாஜித் பாய்தான்.

"டீச்சர் இப்போது செய்கிறாரே, அதுவா?" என்று கேட்டது சிங்காரம்.

"அதுதான்."

"அதற்கா எங்கள் பெயர்?"

"ஆமாம்."

அது டீச்சரைப் பார்த்தது. அட்டை முதலை நெஞ்சில் ஆட ஆட, அவர் இரண்டு கையாலும் காற்றில் ஏதோ தோணியோ வீடோ வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல காரியத்துக்குத்தான் எங்கள் பெயரை வைத்திருக்கிறீர்கள்" என்றது. "ஆனால் நான் இன்னும் முதலை ஆகவில்லை. அதற்கு இரண்டு பேர் வேண்டும்."

பிறகு ரேஞ்சரிடம் கேட்கச் சொன்னது. நான் கேட்டேன்: அங்கே வேறு முதலைகள் உண்டா?

"உண்டாவா? ஆயிரக்கணக்கில், சார்! ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். எழுப்பினாலும் எழாது."

சிங்காரம் தொட்டியை விட்டு இறங்கியது. கூட்டம் தானாக வழி விட்டது. முட்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து, பலகை வழியே ஏறி, கூண்டுக்குள் தானே போய்ப் படுத்து, வழிக்கு நாலு வடை கேட்டது. என் வாழ்நாளின் மிகப் பெரிய போராட்டம், கோரிக்கை நிறைவேறும் நேரத்தில், பாதிக்கப்பட்டவரே லாரியில் ஏறிவிட்டதால் வாபஸ் ஆனது. இதையும் பதிவு செய்கிறேன்.

அப்போதுதான் டீச்சர் திரும்பினார். கூண்டைப் பார்த்தார். ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். எஸ்பெராண்டோவில் சொல்ல வாய் எடுத்து, முடியாமல், துளுவில் ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். சிங்காரம் முதல் தடவையாகத் தன் மொழியில் பதில் சொன்னது. அது காதில் கேட்கவில்லை, காலில் கேட்டது. பவுனம்மாவின் காலிக் குடங்கள் எல்லாம் ரீங்கரித்தன, சைக்கிள் கடையில் ஒரு மணி தானாக அடித்தது. அவர் சொன்னது அதற்குப் புரியவில்லை, அது சொன்னது அவருக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். லாரி போய்விட்டது.

வெறும் தொட்டி விளிம்பில் டீச்சர் சில நாள் குடையோடு உட்கார்ந்திருந்தார். பிறகு பூஜாரியின் மனைவி குசுமா போன் செய்தார். அதற்கப்புறம் சாயங்காலங்களில் டீச்சர் வீட்டைக் கடக்கிறவர்கள், அவர் போனில் துளுவில் சண்டை போடுவதுபோல் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கேட்டார்கள். குழாயடியில் குடம் நேராக நிற்பது மட்டும் குறைந்துவிட்டது. ஆனால் சண்டை எஸ்பெராண்டோவில் நடந்தது, அது முன்னேற்றம்தான்.

அடுத்த டிசம்பர் பதினைந்து வந்தபோது, விழாவைப் பண்ணையிலேயே வைத்துக்கொள்வது என்று வட்டம் ஏகமனதாக முடிவு செய்து, பச்சைக் கொடியும் இரண்டு தூக்கு வடையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியது. பூஜாரியும் குசுமாவும் வாசலில் காத்திருந்தார்கள். வாஜித் பாய் அட்டையைக் கொண்டுவந்திருந்தார். குசுமா எதிரில் வந்த மறு நொடியே டீச்சர் கழுத்தை நீட்டி அதை வாங்கி மாட்டிக்கொண்டார்.

சுற்றுச்சுவரிலிருந்து குனிந்து பார்த்தோம். ஆயிரம் முதலைகள், ஒன்றின் மேல் ஒன்று, அசையாமல். எது சிங்காரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டீச்சர் கையைக் குவித்து, "ஸின்யோரோ!" என்று கூப்பிட்டார்.

ஆயிரம் தலையும் நிமிர்ந்தது. ஆயிரம் வாயும் திறந்து, "ஸலூட்டோன்!" என்றது. அந்த மொழியில் வணக்கம். அத்தனை வாலிலும் ன் இருந்தது.

வாஜித் பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தோழர், இது உங்க வேலைதான். ஃபேக்டரி கேட் மீட்டிங் எல்லாம் கேட்டுச்சே!" நான் மறுக்கவில்லை. ஊர் ஊராகப் போய் ஒரு கிளை திறக்க முடியாமல் போனவன் நான். என் முன்வரிசையில் படுத்திருந்த ஒருவர் ஒரே வருஷத்தில் ஆயிரம் உறுப்பினரோடு கிளை திறந்திருக்கிறார். வெற்றி என்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். அது வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தது.

நடுவில், மேடான இடத்தில், சிங்காரம் இருந்தது. மற்ற நாளெல்லாம் தங்கள் மொழியில் விடாமல் பேசுவதாகவும், இன்று ஒரு நாள் மட்டும் எஸ்பெராண்டோ என்றும், விதி விதிதான் என்றும் எங்களுக்குச் சொன்னது. நாங்கள் வடைகளைப் போட்டோம். இடது கோடியில் ஒரு கிழட்டு முதலைக்கு வடை தொண்டையில் சிக்கியது போலிருக்கிறது. மறந்துபோய்த் தன் மொழியில் உறுமிவிட்டது. சுவர் அதிர்ந்தது.

உடனே சிங்காரம் வாலை ஓங்கி அடித்து, "நே ஹோமு!" என்று கத்தியது.

"என்னா சொல்லுது?" என்றார் வாஜித் பாய்.

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பதில் சொல்லக் கொஞ்ச நேரமாயிற்று. "'மனுஷன் மாதிரி பண்ணாதே'ன்னு திட்டுது, பாய்."

இரண்டு இளவட்ட முதலைகள் போய், குளத்தின் கரையிலிருந்து ஒரு பழைய தேர்தல் தட்டியைக் கவ்வி இழுத்து வந்து, உறுமிய கிழத்தின் கழுத்தில் மாட்டின. அதில் கும்பிட்ட கையோடு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் பரந்தாமன்.

ஏன் மனிதன், ஏன் குரங்கு இல்லை என்று நான் கீழே குனிந்து விளக்கம் கேட்டேன். சிங்காரம் படத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"வாய் பெரிசு. மூளை சிறிசு."